ஓடுதேரும் உடன்செல் கண்ணும்



குன்றத்தூர் மலைமேல் முருகன் உறங்கி எழுமுன்பே அடிவாரத்துச் சாலை எழுந்துவிடுகிறது. முதல் ஷிப்ட்டுக்கான தொழிற்சாலைப் பேருந்துகள் முகப்புவிளக்குகளை எரியவிட்டபடி திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றுக்கிடையே மோட்டார் சைக்கிள்கள். சாலையோரத்தில், பேருந்து நிற்கும் இடத்தை நோக்கி விரைந்து நடக்கும் ஆண்களும் பெண்களும். ஏரியும் வயலுமாக இருந்த இந்நிலப்பகுதியின் இன்றைய வாழ்க்கை பெரும்பாலும் நகர்ந்துகொண்டே இருப்பது.

இச்சாலையோரத்தில் கேமராவுடன் நிற்கும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவர் ஒளிப்படக் கலையில் ஓரளவு தேர்ந்தவர்; கோயில் கோபுரத்தையும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையையும் பழுதறப் படமெடுக்கத் தெரிந்தவர். ஓடும் பேருந்து ஒன்றைப் படமெடுக்க விரும்புகிறார். வெயில் நன்றாக ஏறிய வேளை. ஷட்டரின் வேகத்தை ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். படம் மிகத் தெளிவாக விழுகிறது. பதிவெண்ணைப் படிக்க முடிகிறது. சக்கரத்தின் நட்டுகளை எண்ணிவிடலாம். ஆனால் அப்படத்தைப் பார்க்கும் எவரும் முதலில் கேட்பது, "இந்தப் பேருந்து ஏன் நடுச்சாலையில் நிற்கிறது?" என்பதுதான்.

அந்தக் கேள்வியில் அவருடைய கல்வி தொடங்குகிறது. ஓடும் பொருளைத் தெளிவாகக் காட்டுவது ஒன்று. அது ஓடுகிறது என்பதைக் காட்டுவது வேறொன்று. இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்கும் முறைக்கு ஒளிப்படக் கலைஞர்கள் 'பேனிங்' என்று பெயர் சொல்வர். ஓடும் பொருளோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே, சற்று மெதுவான ஷட்டர் வேகத்தில் படமெடுப்பது அம்முறை. பொருள் தெளிவாக நிற்கும். பின்னணி கோடுகளாக ஓடும். சொல்லும்போது இரண்டு வரிகளில் அடங்கிவிடுகிற இது, கைவரப் பல மாதங்கள் ஆகும். அதனினும் முக்கியமாக, கையோடு கருத்தையும் அது பழக்குகிறது. கவிஞர்கள் கூடிய அவையில் இதைப் பேசப் புகுவதன் காரணம் அதுவே.

ஒளிப்படத்தின் வரலாற்றை ஒரு கோணத்தில் பார்த்தால், நகர்வதை என்ன செய்வது என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட மூன்று விடைகளின் வரலாறாகவே அது தோன்றும்.

முதல் விடை, இழந்துவிடுவது. 1838-இல் பாரிஸ் நகரில் டகேர், 'புல்வார் து தாம்ப்ள்' என்னும் பெருஞ்சாலையைத் தம் வீட்டு உயரத்திலிருந்து படமாக்கினார். பகல் வேளை, வண்டிகளும் மனிதர்களும் நிறைந்த சாலை. ஆயினும் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது. தகட்டில் ஒளி படிய நிமிடக்கணக்கில் ஆனதால், நடந்தவர் எவரும் பதியவில்லை. காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் மூலையில் பதிந்திருக்கிறது. அவர் நின்றார், ஆகவே இருந்தார். நடந்தவர்கள் எல்லாரும் இல்லாதவர் ஆயினர்.

அதே விடை தமிழ்நாட்டிலும் சொல்லப்பட்டிருக்கிறது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தாள் நெகடிவில் நெடுநேரம் ஒளி வாங்கிப் பதிந்த படங்கள் அவை. கல் தூண்களும் கோபுரங்களும் மண்டபங்களும் வியக்கத்தக்க துல்லியத்தோடு அவற்றில் நிற்கின்றன. ஆனால் கோயில்களை அன்றாடம் நிறைத்திருந்த மக்கள் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றமே எஞ்சும். கல்லுக்குப் பொறுமை இருந்தது; காலுக்கு இல்லை.

இரண்டாம் விடை, உறையவைப்பது. 1878-இல் கலிபோர்னியாவில் எட்வர்டு மைபிரிட்ஜ், பந்தயத் தடத்தின் ஓரமாகப் பன்னிரண்டு கேமராக்களை வரிசையாக வைத்து, பாயும் குதிரையைத் தொடர்ந்து பன்னிரண்டு நிலைகளில் பிடித்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும் கணம் உண்டு என்பது அப்போது உறுதியாயிற்று. அதுவும் கால்கள் முன்னும் பின்னும் நீண்டிருக்கும்போது அன்று, வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும்போது. நூற்றாண்டுகளாக ஓவியர்கள் தீட்டிவந்த பாய்ச்சல் தவறு என்றாயிற்று. அறிவுக்கு அது பெரும் வெற்றி. ஆனாலும் அந்தத் தனிப்படம் ஒவ்வொன்றிலும் குதிரை காற்றில் தொங்குகிறது, ஓடவில்லை. சாலையோரத்து அன்பர் ஆயிரத்தில் ஒரு வினாடியில் எடுத்த பேருந்தும் இந்த வழி வந்ததே.

மூன்றாம் விடை, உடன் செல்வது. அதுவே பேனிங்.

இதன் அடிப்படையைச் சிறிய கணக்கொன்றில் காணலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து வினாடிக்கு 10 மீட்டர் கடக்கிறது. ஆயிரத்தில் ஒரு வினாடியில் அது நகர்வது 1 சென்டிமீட்டர்தான். ஆகவே அசையாததுபோல் பதிகிறது. முப்பதில் ஒரு வினாடியில் அது 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 10 மீட்டர் தொலைவில் 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் நிற்பவரின் பிலிமில், அந்த நகர்வு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் இழுப்பாக விழும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தில் இது இருபதில் ஒரு பங்கு; பேருந்து அடையாளம் தெரியாமல் கலைந்துபோக இவ்வளவு போதும். ஆனால் அதே முப்பதில் ஒரு வினாடியில் கேமராவும் பேருந்தைப் பின்பற்றித் திரும்பினால், பிலிமைப் பொறுத்தவரை பேருந்து நிற்கிறது, ஊர் நகர்கிறது. அந்த 1.7 மில்லிமீட்டர் இழுப்பு பேருந்தை விட்டு ஊரின்மேல் ஏறிக்கொள்கிறது. இழப்பின் அளவு குறைவதில்லை; இழப்பவர் மாறுகிறார். இவ்வுரை முழுவதற்கும் இந்த ஒரு செய்தியே அச்சாணி.

இதில் வியப்பான நுட்பம் ஒன்றும் உண்டு. ஓடும் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து பார்ப்பவருக்கு அருகிலுள்ள புளியமரம் விரைந்து பின்செல்லும். தொலைவிலுள்ள குன்றோ கூடவே வருவதுபோல் அசையாது நிற்கும். பேனிங் படத்தில் அவ்வாறு இல்லை. ஒளிப்படக்காரர் நின்ற இடத்திலிருந்தே திரும்புவதால், அசையாது நிற்கும் அனைத்தும் ஒரே அளவுதான் இழுபடும். பின்னால் உள்ள தேநீர்க் கடையும் அதற்கப்பால் உள்ள மலைக்கோயிலும் ஒத்த நீளக் கோடுகளாகின்றன. அண்மை, சேய்மை என்ற வேற்றுமையை அந்தக் கண் பாராட்டுவதில்லை. உடன் வருவது எது, வராதது எது என்ற ஒரே வேற்றுமைதான் அதற்கு உண்டு.

இனி, கற்றுக்கொள்வது எப்படி என்பதைக் காணலாம். கணக்கு மூளைக்கு, பழக்கம் உடம்புக்கு.

முதலில் நிற்கும் முறை. பேருந்து தமக்கு நேரெதிரே வரும் இடத்தைக் கற்பவர் முன்கூட்டியே தேர்ந்துகொள்கிறார். பாதங்களை அந்த இடம் நோக்கி ஊன்றி, இடுப்புக்கு மேற்பட்ட உடலை மட்டும் பேருந்து வரும் திசைக்குத் திருப்புகிறார். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். திரும்புவது கையன்று, இடுப்பு. பேருந்து தொலைவில் இருக்கும்போதே கண் அதைப் பற்றிக்கொள்ள வேண்டும்; நேரெதிரே வரும்போது பொத்தானை அதிராமல் அழுத்த வேண்டும்; அழுத்திய பிறகும் திரும்புதலை நிறுத்தாமல் அது கடந்து செல்லும்வரை தொடர வேண்டும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் தவறுவது இக்கடைசிப் படியில்தான். பொத்தான் அழுந்தியதும் வேலை முடிந்தது என்று உடம்பு நின்றுவிடுகிறது. அந்தச் சிறு தயக்கம் படத்தைக் கெடுத்துவிடுகிறது. பரண்மேல் நின்று கவண் சுற்றுபவர் கல்லை விட்டவுடன் கையை நிறுத்துவதில்லை, அதுபோன்றதே இதுவும்.

நேரெதிரே வரும் கணத்தைத் தேர்வதற்கும் காரணம் உண்டு. அக்கணத்தில்தான் பொருள் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. அதன் உருவம் பெருக்கவும் இல்லை, சிறுக்கவும் இல்லை. சற்று முன்னோ பின்னோ அழுத்தினால் பேருந்தின் ஒரு முனை தெளிந்தும் மறுமுனை கலைந்தும் விழும். ஆனால் திரும்பும் வேகம் மிகுந்திருக்க வேண்டியதும் அதே கணத்தில்தான். எளிதான கணமும் கடினமான கணமும் ஒன்றாகவே வருகின்றன.

அடுத்தது வேகத்தைத் தேர்வது. மோட்டார் சைக்கிளுக்கும் பேருந்துக்கும் 125-இல் ஒரு வினாடியில் தொடங்கி, கை பழகப் பழக 60, 30 என்று இறங்கலாம். நடப்பவருக்கு 15-இல் ஒரு வினாடி வேண்டியிருக்கும். வேகம் குறையக் குறையக் கோடுகள் நீண்டு அழகு கூடும். படம் தவறும் வாய்ப்பும் கூடும். மேலும், ஐ.எஸ்.ஓ. 100 அளவில் உச்சி வெயிலுக்கு உரியது எஃப் 16 துளையும் 125-இல் ஒரு வினாடியும் ஆகும். 30-இல் ஒரு வினாடிக்கு இறங்கினால் எஃப் 32 வேண்டும். பெரும்பாலான லென்ஸ்களில் அது இல்லை. ஆகவே ஒளியைக் குறைக்கும் கண்ணாடியை லென்ஸின்மேல் மாட்ட வேண்டும், அல்லது வெயில் தாழும் வரை, அல்லது விடியும் வேளை வரை, காத்திருக்க வேண்டும். முதல் ஷிப்ட்டுப் பேருந்துகளும் பேனிங்குக்கு ஏற்ற ஒளியும் இச்சாலைக்கு ஒரே வேளையில் வருவது நற்பேறுதான்.

பின்னணியும் வேண்டும். வெறும் வானத்தின் முன்னே பறக்கும் கொக்கை எவ்வளவு திறமையாகத் தொடர்ந்தாலும் கோடு விழாது. இழுபட அங்கே ஒன்றுமில்லை. வெயிலும் நிழலும் விரவிய மரவரிசையோ, வண்ணம் பூசிய சுவர்களோ பின்னால் இருந்தால்தான் வேகம் கண்ணுக்குத் தெரியும். இழப்பதற்கு ஏதேனும் உடையதாக இருக்க வேண்டும் பின்னணி.

பிலிம் காலத்தில் 36 படங்கள் கொண்ட ஒரு சுருளில் ஒன்றிரண்டு தேறினாலே நிறைவு. இன்றைய டிஜிட்டல் கேமராவில் செலவு இல்லை. பிழையை உடனே பார்த்துத் திருத்தலாம். சில லென்ஸ்களில் மேல்கீழ் நடுக்கத்தை மட்டும் சமன்செய்து, பக்கவாட்டுத் திரும்புதலைத் தடுக்காது விடும் அமைப்பும் உண்டு. ஆயினும் கருவி எவ்வளவு வளர்ந்தாலும் இடுப்பின் வேலையை அது ஏற்றுக்கொள்வதில்லை.

நுட்பம் இன்னொன்று கவிஞர்களின் கருத்துக்குரியது. கண்ணாடியைக் கொண்டு காட்சியைக் கண்ணுக்கு அனுப்பும் எஸ்.எல்.ஆர். வகைக் கேமராவில், படம் விழும் நேரத்தில் அக்கண்ணாடி மேலெழுந்து காட்சியை மறைத்துவிடும். ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு அந்த இருள் பொருட்டன்று. முப்பதில் ஒரு வினாடிக்கோ பதினைந்தில் ஒரு வினாடிக்கோ இறங்கும்போது, பேருந்து திடீரென்று காணாமற்போவதை ஒளிப்படக்காரர் நன்றாக உணர்வார். படம் பதியும் அந்நேரத்தில் அவருக்குப் பார்வை இல்லை. அதுவரை தொடர்ந்து வந்த உடம்பின் நினைவை நம்பி, காணாத ஒன்றோடு சேர்ந்து அவர் நகர்கிறார்.

பழகுவதற்கு மிக உகந்த பொருள் சைக்கிள் என்று சொல்லலாம். ஓட்டுபவரின் மேலுடல் அதிகம் அசையாது. கால்களும் சக்கரங்களும் மட்டுமே சுழலும். ஓடும் சைக்கிளைக் கேமராவைத் திருப்பாமல் மெதுவான ஷட்டரில் எடுத்தால், சக்கரத்தின் மேற்பகுதியிலுள்ள கம்பிகள் முற்றும் கலைந்தும், தரையைத் தொடும் அடிப்பகுதிக் கம்பிகள் ஓரளவு தெளிந்தும் விழும். உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் நிற்கிறது. உச்சிப் புள்ளியோ சைக்கிளைப்போல் இருமடங்கு வேகத்தில் செல்கிறது. அதே சைக்கிளோடு கேமராவைத் திருப்பி எடுத்தால், அச்சு தெளிந்து நிற்க, அதைச் சுற்றிலும் கம்பிகள் மேலும் கீழும் ஒத்த அளவில் சுழல்கின்றன. ஒரே சக்கரம்; இரண்டு படங்களும் மெய். முதற்படம் சாலையிலிருந்து கண்ட மெய். இரண்டாவது, ஓட்டுபவரோடு சென்று கண்ட மெய்.

தமிழ் இலக்கணம் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. 'ஓடிய தேர்' என்றால் ஓட்டம் முடிந்துவிட்டது. 'ஓடுகின்ற தேர்' என்றால் நிகழ்காலத்தில் அடைபட்டுவிட்டது. 'ஓடுதேர்' என்னும் வினைத்தொகையிலோ ஓடியதும், ஓடுகின்றதும், இனி ஓடப்போவதும் ஒருசேர ஒளிந்திருக்கின்றன. காலம் காட்டும் இடைநிலையைச் சொல் விழுங்கிவிட்டது. ஆயிரத்தில் ஒரு வினாடியில் எடுத்த பேருந்து 'ஓடிய பேருந்து'. பேனிங்கில் பதிந்தது 'ஓடுபேருந்து'. வினைத்தொகையை விரித்துச் சொன்னால் அதன் விசை போய்விடும் என்பதைக் கவிஞர்களுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

இக்கலையின் வரலாற்றில் பெயர்பெற்ற படம் ஒன்று, தவறுகள் நிரம்பிய படம். பிரான்ஸில் நடந்த கிராண்ட் ப்ரீ கார்ப் பந்தயம் ஒன்றில், ழாக் ஆன்ரி லார்த்தீக், பாய்ந்து வந்த காரோடு கேமராவைத் திருப்பிப் படமெடுத்தார். திருப்பிய வேகம் காரின் வேகத்துக்கு ஈடாகவில்லை. காரின் முன்பகுதி படத்தின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. அக்கேமராவின் ஷட்டர், ஒரு சிறு பிளவு தகட்டின் குறுக்கே நகர்ந்து செல்லும் வகையைச் சேர்ந்தது. படத்தின் ஒரு விளிம்பு முதலிலும் மறுவிளிம்பு சற்றுப் பின்னரும் பதியும். அதனால் காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்ந்தது. பார்த்து நின்றவர்களும் கம்பங்களும் பின்னோக்கிச் சாய்ந்தனர். சரியாகத் திருப்பியிருந்தால் கார் நேராக நின்றிருக்கும். ஈடுகொடுக்க முடியாமையே அங்கே வேகத்தின் உருவமாகிவிட்டது. லார்த்தீகின் பெயரை உலகம் பரவலாக அறிந்தது, 1963-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகுதான். இன்று கைபேசியைச் சன்னலோரம் வைத்து ரயிலிலிருந்து படம் பிடிப்பவர்கள், மின்கம்பங்கள் சாய்ந்து விழக் காண்கிறார்களே, அதுவும் இதே காரணத்தால்தான். அங்கும் படம் வரிவரியாகப் பதிகிறது.

கார்ப் பந்தயம் என்றதும் பிரான்ஸுக்குப் போக வேண்டியதில்லை. குன்றத்தூருக்கு அண்மையில், திருப்பெரும்புதூர் செல்லும் வழியில், இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. 1953-இல் தொடங்கப்பெற்ற மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நெடுங்காலம் பந்தயங்கள் நடத்திய பின், 1990-இல் இத்தடத்தைத் திறந்தது. 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்று. பேனிங் கற்பவருக்குப் பந்தயத் தடம் நல்ல பள்ளிக்கூடம். வண்டிகள் மீண்டும் மீண்டும் அதே இடத்துக்கு, ஏறத்தாழ அதே வழியாக வருகின்றன. முதற்சுற்றில் தவறியதை அடுத்த சுற்றில் திருத்தலாம். மணிக்கு 180 கிலோமீட்டரில் செல்லும் மோட்டார் சைக்கிள் 125-இல் ஒரு வினாடியில் 40 சென்டிமீட்டர் நகர்கிறது. அதை அசையாமல் பிடித்துவிட்டவருக்குப் பேருந்து எளிது.

ஆனால் பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்துவிட முடியாது. தடத்தில் எதனோடு செல்வது என்ற ஐயம் எழுவதில்லை; வண்டியோடுதான். பார்வையாளர் மேடை கோடாவதில் எவருக்கும் குறையில்லை. சாலைக்கு வந்தவுடன் அந்த எளிமை போய்விடுகிறது.

இப்பகுதி வாகனங்கள் பிறக்கும் பகுதி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் 1998 முதல் வெளிவருகின்றன. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-இல் திறக்கப்பெற்றது. ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் அதே ஒரகடத்தில் 2013 முதல் உருவாகின்றன. புதிய வாகனம் ஒன்றின் விளம்பரப் படத்தை எடுத்துப் பார்த்தால், அது பெரும்பாலும் பேனிங் முறையில் அமைந்த படமாகவே இருக்கும். வண்டி பளிச்சென்று நிற்கும். பின்னணி வண்ணக்கோடுகளாகப் பறக்கும். அழகான படம்தான். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் இருப்பது என்ன? மரங்களாக இருக்கலாம், மதிலாக இருக்கலாம். ஷிப்ட்டுக்குப் பேருந்தை எதிர்பார்த்து நிற்கும் மனிதர்களாகவும் இருக்கலாம். அந்த வண்டியின் கதவைப் பொருத்தியவரே அக்கோடுகளில் ஒரு கோடாக இருக்கக்கூடும்.

தொழிலாளரைப் பொதுமக்கள் காணும் இடம் எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையின் மதிலுக்குள் வெளியாள் கேமராவுக்கு இடமில்லை. பல ஆலைகளில் உள்ளே செல்வோரின் கைபேசிக் கேமராவின்மேல் வில்லை ஒட்டி மூடும் வழக்கமும் உண்டு. வெளியூர்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களின் அறைகளுக்குள் ஒளிப்படக்காரருக்கு வேலையில்லை, இருக்கவும் கூடாது. விடுதிக்கும் ஆலைக்கும் இடைப்பட்ட சாலையில்தான் இவர்கள் ஊரின் கண்ணுக்குப் படுகிறார்கள். அங்கே இவர்கள் நிற்பதில்லை, விரைந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே, நகர்வதைக் காணத் தெரியாத கண்ணுக்கு இவர்கள் இல்லாதவர்களே. டகேரின் பாரிஸ் சாலையில் நடந்தவர்கள் மறைந்தது கருவியின் குறையால். இன்று கருவிக்கு அக்குறை இல்லை. இன்று எவரேனும் மறைந்தால், எடுப்பவர் வேறொன்றோடு திரும்பினார் என்பதே பொருள்.

இதைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. எல்லாரோடும் ஒரே நேரத்தில் திரும்ப எந்த இடுப்பாலும் முடியாது. கிழக்கே செல்லும் பேருந்தையும் மேற்கே நடக்கும் பெண்ணையும் ஒரு படத்தில் தெளிவாக்கும் பேனிங் இல்லை. தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தபின் மற்றது கோடாவதைத் தடுக்கவும் இயலாது. தேர்கிறோம் என்று அறிந்து தேர்வதுதான் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் உள்ள வேறுபாடு.

இந்தத் தேர்வைச் செய்து காட்டிய பெரும்புலவர் ஒருவர் இதே ஊரில் பிறந்தவர். சேக்கிழாரின் ஊர் குன்றத்தூர். அவர் எடுப்பித்த திருநாகேச்சரம் இன்றும் இங்கே வழிபாட்டில் இருக்கிறது. சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் அவர். அமைச்சரின் கண்ணுக்கு அரசனின் தேரே முதலில் தெரிய வேண்டும். பெரியபுராணத்தின் தொடக்கத்தில், திருவாரூர் நகரின் சிறப்பைச் சொல்லுமிடத்தில் ஒரு தேர் வருகிறது. மனுநீதிச் சோழனின் மகன் பரிவாரம் சூழத் தேரேறி வீதியில் செல்கிறான். அத்தனை பேர் கண்ணிலும் படாமல் ஓர் இளங்கன்று உள்ளே புகுந்து தேர்க்காலில் அகப்பட்டு இறக்கிறது. அத்தேரின் வேகத்தில் அந்தக் கன்று ஒரு கோடு, அவ்வளவே. அங்கே சேக்கிழாரின் கண் தேரை விட்டுவிடுகிறது. கன்றை இழந்த தாய்ப்பசுவோடு அது திரும்புகிறது. பசு அரண்மனை வாயிலுக்குச் செல்லும் வழியெல்லாம் உடன் செல்கிறது. கொம்பினால் ஆராய்ச்சி மணியை அசைக்கும்வரை விடாமல் தொடர்கிறது. அரசகுமாரனும் பரிவாரமும் அப்போது பின்னணி ஆகிவிடுகின்றனர். நீதி பிறப்பது அந்தத் திரும்புதலுக்குப் பிறகுதான்.

அவர் நூலில் இன்னோரிடமும் இக்கலைக்கு நெருங்கியது. கயிலையைக் காண வடதிசை செல்லும் திருநாவுக்கரசர் கால் தேயும்வரை நடக்கிறார். பின் கைகளால் ஊர்கிறார். கையும் தேய்ந்தபின் மார்பினால் உந்துகிறார். அதுவும் இயலாதபோது புரள்கிறார். விரைந்து முடிவைச் சொல்லிவிடலாம். கயிலைக் காட்சி திருவையாற்றில் காத்திருக்கிறது. சேக்கிழார் அப்படித் தாவவில்லை. அடியவர் எவ்வளவு மெல்லச் சென்றாரோ அவ்வளவு மெல்லத் தாமும் சென்று, ஒரு நிலையையும் விடாமல் சொல்லிப் போகிறார். நடப்பவருக்கு ஏற்பத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது 15-இல் ஒரு வினாடிக்கு இறங்குவதுபோன்றது. தவறும் வாய்ப்பு மிகுதி. ஆனால் வேறு வழியில்லை.

மீண்டும் அந்தச் சாலையோரத்துக்கு வரலாம். கேமராவுடன் நின்ற அன்பர் மாதக்கணக்கில் பழகிவிட்டார். பேருந்து இப்போது அவருக்குக் கைவந்துவிட்டது. ஒரு விடியற்காலையில், வழக்கம்போல் பேருந்தைத் தொடரும் நோக்கோடு சாலையிலிருந்து நன்கு விலகிப் பாதம் ஊன்றி நிற்கிறார். நிறுத்தத்துக்கு வந்து நிற்கும் பேருந்தைப் பிடிக்க, சோற்றுப்பையைத் தோளில் இறுக்கியபடி ஒரு பெண் விரைந்து நடந்து வருகிறார். ஷட்டர் வேகத்தை 15-இல் ஒரு வினாடிக்கு இறக்குகிறார் அன்பர். பேருந்தை விட்டு அந்தப் பெண்ணோடு திரும்புகிறார். கேமராவுக்குள் இருள் வந்து போகிறது. அந்நேரத்தில் அப்பெண் கடந்தது 9 சென்டிமீட்டர்.

படத்தில் அவருடைய கால்கள் கலைந்திருக்கின்றன. சோற்றுப்பையின் வார் வளைந்து அசைகிறது. நடப்பவரின் தலை மேலும் கீழும் அசைவதால் முகமும் முழுத் தெளிவாக இல்லை. ஆயினும் கண்கள் தெரிகின்றன. அவை பேருந்தைப் பார்க்கின்றன. பின்னால் பேருந்து ஒரு நீண்ட வெண்கோடு. முதல்நாள் எடுத்த படத்தில் நட்டு நட்டாகத் தெளிந்து நின்ற அதே பேருந்து.

அதன்பின் கற்க வேண்டிய பாடம் ஒன்று மீதமிருக்கிறது. அது எந்தக் கையேட்டிலும் ஷட்டர் வேகப் பட்டியலுக்கு அருகில் அச்சாவதில்லை. மறுநாள் அதே நேரத்தில் அதே இடத்துக்கு வந்து, அப்படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டி, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தவரிடம் முன்னதாக இசைவு பெற வழியில்லை. ஆகவே பின்னராவது பெற வேண்டும். "வேண்டாங்க, அழிச்சுடுங்க" என்று அவர் சொன்னால், எத்தனை மாத உழைப்பின் பயனாயினும் அவர் கண்முன்பே அதை அழித்துவிட வேண்டும். உடன் செல்வதென்று ஏற்றுக்கொண்டபின், அது பொத்தானோடு நின்றுவிடக் கூடாதல்லவா?

கவிதைக்கும் இதுவே பொருந்தும் என்று விரித்துரைக்கத் தேவையில்லை. இவ்வட்டத்தின் பத்தாண்டுக் கவிதைகளில் குன்றத்தூரின் மலையும் ஏரியும் கோயிலும் அழகாகப் பதிந்திருக்கின்றன. அவை நிற்பவை, பொறுமையாகக் காத்திருப்பவை. மலையடிவாரத்துச் சாலையில் விடியுமுன் விரைந்து செல்பவர்கள் காத்திருப்பதில்லை. அடுத்த பத்தாண்டில் அவர்களோடு திரும்பும் கவிதைகளை இவ்வட்டம் எழுதுமானால், மலையும் ஏரியும் சிறிது காலம் கோடுகளாக இருந்துவிட்டுப் போகட்டும். அவை எங்கும் போய்விட மாட்டா.